‘விறைப்பு’ என்ற சொல்லுக்கு எட்டு மதிப்பெண்: தசை இறுக்கத்துக்குக் கஞ்சாச் சாற்று மருந்து கொடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இங்கிலாந்தின் ஒரு நகரில், நரம்பியல் துறையோடு இணைந்த தசை இறுக்கச் சிகிச்சைப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். இங்கே பதிவு செய்வது எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு பெண்மணியின் சிகிச்சை வரலாறு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்க வயது, தொழில் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்தின் அளவும் மதிப்பெண்களும் நடந்தவை நடந்தபடியே இருக்கின்றன. மருந்து வேலை செய்ததா என்பதைவிட, வேலை செய்ததா என்று நாங்கள் அளந்த முறையில் நேர்ந்த பிழையே இதை எழுதத் தூண்டியது. அந்தப் பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 52. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1990களில் இங்கே குடியேறி, நெடுங்காலம் ஒரு கடையின் பணப்பெட்டியில் வேலை பார்த்தவர். எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் கண்டறியப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடக்கத்தில் வந்து வந்து தணிந்த நோய், கடைசி ஆறேழு ஆண்டுகளில் தணிவே இல்லாமல் மெல்ல முற்றும் நிலைக்கு மாறியிருந்தது. வீட்டுக்குள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து சக்கர நாற்காலிக்கு மாறுவார், ஆனால் நடக்க முடியாது. கணவர் வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு அவரைக் கவனித்துவந்தார்.

அவரைப் படுத்திய முதன்மையான தொல்லை கால்களின் இறுக்கம். தசையை நீட்டினால் அது திரும்ப இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் முதுகுத் தண்டில் இயல்பாகவே உண்டு. மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் அதை அடக்கிவைக்கின்றன. எம்.எஸ். நோயில் அந்த நரம்புகளின் உறை சிதைவதால் அடக்கும் கை தளர்ந்துபோகிறது, சிறு தூண்டலுக்கும் தசை முழு வலுவோடு சுருங்குகிறது. இவருக்கு இரவில் படுத்ததும் இரண்டு கால்களும் இடுப்பிலிருந்து பாதம் வரை நேராக நீண்டு நின்றுவிடும். கணவர் எழுந்து முழங்காலுக்கடியில் கையைக் கொடுத்து மடக்கிவிட்டால்தான் தளரும். ஓர் இரவில் இது ஏழெட்டு முறை நடந்தது. குதிகால்கள் படுக்கை விரிப்பில் உரசி உரசி வலது குதிகாலில் ஐம்பது பைசா அகலத்துக்குத் தோல் கழன்றிருந்தது. முதல் முறை வந்தபோது அதன்மேல் ஒரு கம்பளிக் காலுறையை இரண்டாக மடித்து மாட்டியிருந்தார்.

மருந்துகளில் வழக்கமானவை எல்லாம் முயன்று பார்க்கப்பட்டிருந்தன. பேக்லோஃபென் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வரை போனது, அதற்கு மேல் கூட்டியபோது பகலெல்லாம் தூங்கினார், கைகளும் தளர்ந்தன. டிசானிடின் சேர்த்தபோது கல்லீரல் நொதிகள் உயர்ந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. காபாபென்டின் எடையைக் கூட்டியதே தவிர இறுக்கத்தைக் குறைக்கவில்லை. தொடையின் உட்புறத் தசைகளில் இரண்டு முறை போட்ட பொட்டுலினம் ஊசி, கால்களை விலக்கிச் சுத்தம் செய்ய உதவியது. ஆனால் அந்த ஊசி போட்ட தசையில் மட்டுமே வேலை செய்யும். கால் முழுவதும் ஒன்றாக நீளும் இழுப்பை அது தொடவில்லை. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் பேக்லோஃபெனை நேராகச் செலுத்தும் கருவியை வயிற்றில் பதிப்பது பற்றியும் பேசப்பட்டது. அறுவைச் சிகிச்சை இப்போது வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

பரிசோதனையில் கண்டவை

திருத்திய ஆஷ்வொர்த் அளவுகோலில் (காலை நம் கையால் அசைத்து, தசை எவ்வளவு எதிர்க்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பிடுவது) இரு முன்தொடைத் தசைகளும் 3, உட்தொடைத் தசைகள் 2. வலது கணுக்காலைச் சட்டென்று மேலே வளைத்தால் பாதம் துடித்துக்கொண்டே இருந்தது. தசைவலு வலது முன்தொடையில் ஐந்துக்கு 2, இடதில் 3. காகிதத்தில் பார்த்தால் இந்த வலுவோடு அவரால் எழுந்து நிற்கவே முடியாது. ஆனால் நின்றார். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, இரு குதிகால்களையும் தரையில் ஒருமுறை தட்டினார். கால்கள் கட்டைபோல் நீண்டன, அந்த நீட்சியின் மேலேறி, கைப்பிடியை இழுத்து நிமிர்ந்தார். எந்த இறுக்கம் இரவில் அவரை வதைத்ததோ அதையே பகலில் ஊன்றுகோலாக்கியிருந்தார். இதை நான் பரிசோதனைக் குறிப்பில் எழுதினேன், சிகிச்சைத் திட்டத்தில் எழுதவில்லை. பின்னால் அது எங்களுக்குத் திரும்பி வந்தது.

மருந்துக்கு முன் செய்தவை

இறுக்கம் திடீரென்று கூடினால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் தூண்டுகோலைத் தேட வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், இறுக்கமான காலணி இவற்றில் எதுவானாலும் உணர்ச்சி மங்கிய காலில் வலியாகத் தெரியாமல் இழுப்பாக வெளிப்படும். இவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தது. காலுறையைக் கழற்றியபோது வலது பெருவிரலின் நகம் சதைக்குள் புதைந்து சீழ் கோத்திருந்ததைச் சிறப்புச் செவிலியர் கண்டார். அவருக்கு அது வலிக்கவேயில்லை. நகத்தின் ஓரம் வெட்டப்பட்டு, சக்கர நாற்காலியின் பாதப்பலகையும் தாழ்த்தப்பட்டது. மூன்று வாரத்தில் இரவு இழுப்புகள் எட்டிலிருந்து ஆறாக இறங்கின.

இதே சமயத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. மகள் கடையில் வாங்கிய சி.பி.டி. எண்ணெயை (சி.பி.டி. என்பது கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத ஒரு பொருள்) தாய் நாக்கின் கீழ் விட்டுக்கொண்டிருந்தார். இங்கே அது உணவு நிரப்பியாகத்தான் விற்கப்படுகிறது. புட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மருந்துக்குரிய உத்தரவாதம் எதுவும் கிடையாது. நாங்கள் அளக்கப்போவதைக் குழப்பும் என்று சொல்லி அதை நிறுத்தினோம்.

இந்த மருந்தைத் தேர்ந்த காரணம்

பொதுப் பெயர் நாபிக்சிமால்ஸ், வணிகப் பெயர் சேட்டிவெக்ஸ். கஞ்சாச் செடியின் சாற்றிலிருந்து எடுக்கப்பட்டு, வாயின் உட்சதையில் தெளிக்கும் மருந்து. ஒரு தெளிப்பில், செடியின் போதை தரும் பொருளான டி.எச்.சி. 2.7 மில்லிகிராமும் 2.5 மில்லிகிராம் சி.பி.டி.யும் இருக்கின்றன. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு, மற்ற மருந்துகள் போதாத எம்.எஸ். நோயாளிகளின் தசை இறுக்கத்துக்காக உரிமம் பெற்றது. நரம்பு முனைகளில் உள்ள சி.பி.1 ஏற்பிகளில் டி.எச்.சி. பொருந்தி, தூண்டும் வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறி வெளிப்படுவதைக் குறைக்கிறது.

இதன் பயன் குறித்த சான்றுகள் ஒரே திசையில் செல்பவை அல்ல, நோயாளிகளிடம் அதை மறைக்கவும் கூடாது. 2003இல் பிரிட்டனில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் கஞ்சாச் சாற்று மாத்திரைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஆஷ்வொர்த் அளவுகோலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நோயாளிகளோ தங்களுக்கு இறுக்கம் குறைந்ததாகச் சொன்னார்கள். மருத்துவரின் கை உணர்வதும் நோயாளியின் கால் உணர்வதும் வேறு வேறாக இருந்தன. பின்னர் 2011இல் வெளியான ஆய்வு வேறு வழியில் சென்றது. 572 பேருக்கு நான்கு வாரம் தெளிப்பு மருந்தைக் கொடுத்து, பூச்சியத்திலிருந்து பத்து வரையான தன்மதிப்பீட்டில் குறைந்தது 20% தணிவு கண்டவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. அந்த எல்லையைத் தொட்டவர்கள் 272 பேர். அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே இது பயன்பட்டது. யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மருத்துவத் தர வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2014இல் செலவுக்கு ஏற்ற பயனில்லை என்று இதை மறுத்தது. 2019 நவம்பரில் அந்த நிலையை மாற்றியது. மற்ற மருந்துகள் பலிக்காத, மிதமான அல்லது கடுமையான இறுக்கம் உள்ள வயதுவந்தோருக்கு நான்கு வாரச் சோதனை கொடுக்கலாம், தன்மதிப்பீட்டில் 20% தணிவு இருந்தால் மட்டுமே தொடரலாம் என்பது அதன் சாரம். ஆக, ஒரு நோயாளி இந்த மருந்தை ஆண்டுக்கணக்கில் பெறுவதும் இழப்பதும் அவர் வாயால் சொல்லும் இரண்டு எண்களில் தொங்குகிறது.

வீட்டாரோடு நடந்த பேச்சு

மருந்தைப் பற்றி நரம்பியல் நிபுணர் ஆங்கிலத்தில் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். செடியின் பெயரைச் சொல்லாமல் ‘ஸ்பிரே’ என்றே முடித்துவிடலாம் என்று மகள் கண்ணால் சைகை காட்டினார். அது சரியல்ல என்று பட்டதால் கஞ்சா என்றே சொன்னேன்.

“கஞ்சாவோ தம்பி? பிள்ளையளை அதைத் தொடாதேங்கோ எண்டு சொல்லி வளர்த்தனாங்கள். இப்ப நான் குடிக்கிறதோ?”

“குடிக்கிறது இல்லை அக்கா. அளந்து எடுத்த சாறு. கன்னத்துக்குள்ள தெளிக்கணும். போதை வராத அளவிலதான் நிறுத்துவோம், தலை சுத்தினா உடனே சொல்லணும்.”

அவரைச் சம்மதிக்கவைத்தது என் விளக்கமல்ல, கணவரின் ஒரு சொல். ஊரில் அவர் தாத்தா நாட்டு வைத்தியர், லேகியத்தில் அதைச் சேர்ப்பதைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். எனக்கோ 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னசி என்ற ஐரிஷ் மருத்துவர், வில்வாத (டெட்டனஸ்) நோயாளிகளின் தசை இழுப்புக்கு இதே செடியைக் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்தது நினைவுக்கு வந்தது. இந்த மருத்துவம் இந்தியாவிலிருந்து இங்கே வந்து, உரிமம் பெற்று, ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அச்சமூட்டும் புதுமையாகத் திரும்பியிருந்தது.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் உண்டா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இருந்தால் இம்மருந்து கொடுக்கக் கூடாது. மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டோம், இல்லை என்றார். மதுசாரம் பாதியளவு கலந்த திரவம் என்பதையும் சொன்னோம், அது அவருக்குப் பொருட்டாக இல்லை. அவர் கார் ஓட்டுவதில்லை என்பதால், இம்மருந்தை எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதில் உள்ள சட்டச் சிக்கலும் எழவில்லை.

முதல் சோதனையும் அது நின்ற விதமும்

தொடக்க மதிப்பெண்ணை நான்தான் எடுத்தேன். வழக்கமாகத் தமிழ் பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளரை முன்பதிவு செய்வோம். இம்முறை நான் இருக்கிறேன் என்று அதை விட்டுவிட்டார்கள், நானும் பெருமையோடு விட்டுவிட்டேன். “கடந்த 24 மணி நேரத்தில் காலில் விறைப்பு பத்துக்கு எத்தனை?” என்று கேட்டேன். ஏழு நாளும் எட்டு என்று எழுதிக்கொண்டுவந்தார். சராசரி 8.0. ஏழு நாளும் ஒரே எண் வந்ததே ஓர் எச்சரிக்கை என்று இன்று சொல்வேன், ஏனென்றால் தசை இறுக்கம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

மாலையில் ஒரு தெளிப்பில் தொடங்கி, மருந்தோடு வரும் அட்டவணைப்படி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுவது முறை. இரண்டு தெளிப்புகளுக்கு இடையே 15 நிமிடமாவது இருக்க வேண்டும், ஒரு நாளில் 12க்கு மேல் போகக் கூடாது. ஒன்பதாம் நாள், காலையில் இரண்டும் மாலையில் ஐந்தும் எடுத்தபோது தலை சுற்றியது. ஆறுக்கு இறக்கினோம், சுற்றல் நின்றது.

பதினைந்தாம் நாள் தொலைபேசியில் பேசினேன். அந்த உரையாடலை அன்றே எழுதிவைத்ததால் அப்படியே தருகிறேன்.

“அக்கா, இந்த வாரம் விறைப்பு எத்தனை?”

“எட்டுத்தான் தம்பி. அது மாறேல்லை.”

“ராத்திரி தூக்கம்?”

“இப்ப நல்ல நித்திரை. கால் கட்டை மாதிரி நிக்கிறது நல்லாக் குறைஞ்சிட்டுது. இவரும் எழும்புறேல்லை.”

“அப்புறம் எட்டுங்கிறது எதுக்கு அக்கா?”

“பாதம் ரெண்டும் விறைச்சுப்போய்த்தானே கிடக்கு. செருப்புக் கழண்டாலும் தெரியாது. பல்லுப் பிடுங்க முதல் ஊசி போடுவினமே, அது மாதிரி.”

நான் மதுரைக்காரன். என் காதுக்கு விறைப்பு என்றால் மடங்காமல் நிற்பது, காவலர் நிற்பதுபோல. யாழ்ப்பாணத்தில் விறைப்பு என்றால் உணர்ச்சியற்றுப் போவது, எங்கள் ஊரில் மரத்துப்போதல் என்று சொல்வது. பல் மருத்துவர் போடும் ஊசிக்கு அங்கே பெயரே விறைப்பு ஊசி. மூன்று வாரமாக அவர் மரமரப்புக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார், நான் அதை இறுக்கம் என்று பதிந்துகொண்டிருந்தேன். இந்த மருந்து மரமரப்பை மாற்றாது. அப்படியே விட்டிருந்தால் நான்காம் வாரமும் எட்டு வந்திருக்கும், பலன் இல்லை என்று மருந்தை நிறுத்தியிருப்போம், ஒரு தம்பதி மீண்டும் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். எந்தக் கோப்பிலும் இது பிழையாகத் தெரிந்திருக்காது.

அன்று மாலை நரம்பியல் நிபுணர், செவிலியர், மருந்தாளுநர், நான் ஆகிய நால்வரும் கூடினோம். மருந்தைத் தொடங்குவதற்கு முன் கால் எவ்வளவு இறுகியிருந்தது என்று இப்போது நினைவிலிருந்து கேட்டுப் பதிந்துகொள்ளலாம் என்பது ஒரு வழி. கணவர் ஒரு நாட்காட்டியில் கோடு போட்டு வைத்திருந்த இரவு இழுப்புக் கணக்கையே சான்றாகக் கொள்ளலாம் என்பது இன்னொன்று, அது ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்தி, புதிதாக அளந்து, முதலிலிருந்து தொடங்குவது மூன்றாவது. நிபுணர் மூன்றாவதைத் தேர்ந்தார். நன்றாகத் தூங்கத் தொடங்கியவர் பழைய துன்பத்தை நினைவிலிருந்து சொல்லும்போது அது பெரிதாகவே தெரியும், ஆண்டுக்கணக்கில் தொடரப்போகும் மருந்தை அந்த நினைவின்மேல் நிறுத்த முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்துவதில் பேக்லோஃபெனை நிறுத்துவது போன்ற ஆபத்து இல்லை. சில நாள் தூக்கமும் பசியும் மனநிலையும் மாறலாம், அவ்வளவே.

இதை வீட்டாரிடம் சொல்லும் வேலை என்மேல் விழுந்தது, விழ வேண்டியதும்தான். என் கேள்வி தவறு என்று முதலிலேயே சொன்னேன். அவர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. “உங்கட எழுத்துப் பிழைக்கு நாங்கள் திரும்பவும் இரவிரவா முழிச்சிருக்கோணுமோ?” என்றார். அதற்கு நல்ல பதில் என்னிடம் இருக்கவில்லை. நிபுணரின் முடிவு முறைப்படி சரியானது. கணவரின் நாட்காட்டியை நம்பியிருந்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்திருப்போம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் போகவில்லை.

இரண்டாம் சோதனை

முதல் வாரம் மருந்தின் தாக்கம் அடங்குவதற்கு, இரண்டாம் வாரம் அளப்பதற்கு என்று பதினான்கு நாள் நிறுத்தினோம். இம்முறை வெளியிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தோம். ‘இழுப்பு’ என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தோம், அது வலிப்பையும் மூச்சிழுப்பையும் நினைவூட்டுவதாக அவரே சொன்னார். ‘இறுக்கம்’ என்றால் மனத்துயரா உடலா என்ற ஐயம் எழுந்தது. கடைசியில் அந்த அம்மையாரின் வாயில் தானாக வந்த சொல்லையே எடுத்துக்கொண்டோம். “நேற்று இரவும் பகலும் சேர்த்து, கால் கட்டை மாதிரி நின்ற தொல்லை பத்துக்கு எத்தனை?” மரமரப்புக்குத் தனியாக இன்னொரு வரி வைத்தோம், இரண்டும் கலக்காமல் இருக்க.

இம்முறை எண்கள் ஏறி இறங்கின. 7, 8, 7, 6, 8, 8, 8. சராசரி 7.4. மரமரப்பு வரியில் ஏழு நாளும் எட்டு.

முன்பு தலை சுற்றியதால் இரண்டு நாளுக்கு ஒரு தெளிப்பு மட்டுமே கூட்டினோம். பதினாறாம் நாள் காலையில் மூன்றும் மாலையில் ஐந்துமாக எட்டில் நின்றோம். நான்காம் வாரத்தின் சராசரி 4.9, அதாவது 34% தணிவு. கணவரின் நாட்காட்டியில் இரவுக் கோடுகள் ஆறிலிருந்து இரண்டாகியிருந்தன. ஆஷ்வொர்த் அளவில் வலது முன்தொடை 3இலிருந்து 2ஆக இறங்கியது, இடது அசையவில்லை. என் கையை மட்டும் நம்பியிருந்தால் இதைச் சிறு முன்னேற்றம் என்றுதான் எழுதியிருப்பேன். மரமரப்பு கடைசிவரை எட்டில்தான் இருந்தது.

குளியலறையில் நடந்தது

பத்தொன்பதாம் நாள் காலை, மூன்று தெளிப்பும் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து, கழிப்பறை இருக்கையிலிருந்து எழும்போது வலது முழங்கால் மடங்கி, சுவரோரமாகச் சரிந்து தரையில் அமர்ந்துவிட்டார். காயம் இல்லை. முதலில் எல்லோருக்கும் தோன்றியது மயக்கம்தான். ஆனால் அவர் தலை சுற்றவில்லை என்றார், கைப்பிடியைப் பற்றி எழுந்தபோது எடுத்த ரத்த அழுத்தத்திலும் பெரிய வீழ்ச்சி இல்லை. மறுநாள் தொழில்வழி சிகிச்சையாளரோடு வீட்டுக்குப் போனேன். எழுந்து காட்டச் சொன்னோம். வழக்கம்போல் குதிகால்களைத் தரையில் தட்டினார். கால் நீளவில்லை. இன்னொரு முறை தட்டினார். “இது முந்தி எழும்பும் தம்பி” என்று தொடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், வேலைக்கு வராத ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

இறுக்கம் போனபோது அதனடியில் இருந்த பலவீனம் வெளியே தெரிந்தது. முதல் பரிசோதனையிலேயே நான் கண்ணால் பார்த்து எழுதிவைத்த செய்தி இது. இரவில் வேண்டாத இறுக்கம் காலையில் வேண்டியிருக்கிறது என்பதை அளவு குறிக்கும்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அட்டவணை காலையிலும் மாலையிலும் என்று சொன்னது, நாங்களும் காலையிலும் மாலையிலும் என்று கொடுத்தோம்.

காலைத் தெளிப்புகளை முழுதாக நீக்கி, மாலை ஐந்தை மட்டும் வைத்தோம். காலை பேக்லோஃபெனைக் குறைப்பது பற்றிப் பேச்சு எழுந்தாலும் ஒரே வாரத்தில் இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது, பேக்லோஃபெனை வேகமாகக் குறைப்பதும் ஆபத்து என்று அதைத் தொடவில்லை. கழிப்பறையில் இருக்கையை உயர்த்தி, வலப்புறம் இன்னொரு கைப்பிடி பொருத்தப்பட்டது. நான்கே நாளில் காலையில் எழும் பழைய வித்தை திரும்பியது. மேலே சொன்ன 4.9 என்ற சராசரி, இந்த மாற்றத்துக்குப் பிந்தைய வாரத்தில் எடுத்ததே.

அதன்பின் ஓராண்டு

மருந்து தொடர்ந்தது. மூன்றாம் மாதத்தில் குதிகால் புண் ஆறிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் இடது கன்னத்தின் உட்புறம் எரிகிறது என்றார். கண்ணாடி பிடித்துப் பார்த்தபோது ஓரிடம் வெளுத்திருந்தது. இடத்தை மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம், ஆனால் வலது கையில் பிடித்துத் தெளிப்பதற்கு இடது கன்னம்தான் வசதி. அன்று முதல் கணவர் தெளித்துவிட்டார், ஒற்றை நாளில் வலம், இரட்டை நாளில் இடம். ஒரு மாதத்தில் சரியாயிற்று.

பத்தாம் மாதம் சகோதரி மகளின் திருமணத்துக்கு யாழ்ப்பாணம் போக விரும்பினார். இங்கே மருத்துவர் சீட்டோடு வாங்கும் பொருள், இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெறாமல் விமான நிலையத்தில் அதோடு நிற்பது முறையல்ல என்று சொன்னோம். அனுமதிக்கு அலைவதைவிட மூன்று வாரம் மருந்தை விட்டுப்போவதை அவர் தேர்ந்தார். நான்காம் இரவிலிருந்து இழுப்பு திரும்பி, ஐந்தாறு முறை வரை போனதாகக் கணவர் எழுதிவைத்திருந்தார். இது நாங்கள் திட்டமிடாத ஒரு சோதனை. ஆனால் அதை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது, ஏனென்றால் உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும், யாழ்ப்பாணத்து வெயிலும் நீண்ட விமானப் பயணமும் அதில் கலந்திருந்தன. திரும்பி வந்து ஒரு தெளிப்பிலிருந்து தொடங்கி மீண்டும் ஐந்துக்கு வந்தார். பன்னிரண்டாம் மாதச் சராசரி 5.2, இரவில் இரண்டு அல்லது மூன்று முறை.

நாங்கள் மாற்றியவை

தொடக்க அளவீட்டை எடுப்பவர் நோயாளியின் மொழியைப் பேசுபவராக இருந்தாலும், அதே ஊர் வழக்கைப் பேசுகிறாரா என்று இப்போது கேட்கிறோம். இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் உண்டு. இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல என்றும் தெரிந்துகொண்டோம். இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர் சிலரிடம் அவர்கள் மதிப்பெண் போடும் ‘ஸ்டிஃப்னஸ்’ எதுவென்று துருவிக் கேட்டபோது, இருவர் மூட்டு வலியையும் ஒருவர் களைப்பையும் சொன்னார்கள்.

மதிப்பெண்ணோடு ஓர் எண்ணிக்கையும் வேண்டும் என்று நான் வற்புறுத்திவருகிறேன். இரவில் எத்தனை முறை எழுந்தார், யார் எழுந்தார் என்பதைக் கணவர் ஒரு கடை நாட்காட்டியில் பென்சிலால் போட்டதுதான் எங்கள் பிழையைக் காட்டிக்கொடுத்தது. விதிப்படி முடிவெடுப்பது மதிப்பெண்ணை வைத்தே. ஆனால் இரண்டும் எதிரெதிரே போகும்போது நின்று கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது. ஏழு நாளும் ஒரே எண் வந்தாலும் இப்போது தொலைபேசியை எடுக்கிறோம்.

மருந்து தொடங்கும் முன் ‘இந்த இறுக்கத்தை எதற்காவது பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்டு, எழுந்து காட்டச் சொல்லி, அதற்கேற்ப எந்த வேளையில் மருந்து என்று முடிவு செய்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபின், காலைத் தெளிப்பே இல்லாமல் தொடங்கியவர்கள் எங்கள் பிரிவில் இன்னும் மூவர்.

அளவீட்டுப் படிவத்தில் ‘ஸ்பாஸ்டிசிட்டி’ (தசை இறுக்கம்) என்று அச்சிட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு வெற்றுக்கோடு இருக்கிறது. நோயாளி தம் தொல்லையை எந்தச் சொல்லால் சொல்கிறாரோ அதை அவர் மொழியிலேயே அங்கே எழுதிவிட்டுத்தான் எண்ணைக் கேட்க வேண்டும். அந்த அம்மையாரின் கோப்பில் அந்தக் கோட்டின்மேல் என் கையெழுத்தில் ‘கட்டை’ என்றிருக்கிறது.